குளியலறைத் துவாரத்தை அடைத்தது நான்

என் பெயர் சித்தினா. தகப்பனார் பெயர் பக்கார் மதி. வயது பத்தொன்பது. கொமோரோ நாட்டின் மொஹேலி தீவைச் சேர்ந்தவள். கெய்ரோ நஸ்ர் நகரம் பத்தாவது வட்டாரத்தில் ஹாஜி ரிஃபாத்துக்குச் சொந்தமான கட்டடத்தின் நான்காம் மாடியில் குடியிருந்தேன். தற்போது அதே தெருவில் என் நாட்டு மாணவிகள் இருவருடன் தங்கியிருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் சேருவதற்கு முந்தைய அரபு மொழி வகுப்பில் படிக்கிறேன். ஜனவரி 14-ஆம் தேதி இதே காவல் நிலையத்தில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒன்றை மறைத்துவிட்டேன். அதைத் திருத்த, யாரும் அழைக்காமல் நானாகவே இன்று வந்திருக்கிறேன்.

நான் சென்ற நவம்பர் 6-ஆம் தேதி இந்நகரில் வந்து இறங்கினேன். விமான நிலையத்தில் என்னை அழைத்துப்போக வந்தவர் இறந்துபோன ஸலிஹாத்தி. அவருக்கு வயது இருபத்துமூன்று. அஞ்சுவான் தீவு. மருந்தியல் மூன்றாம் ஆண்டு படித்தார். எனக்கு உறவு இல்லை. மாணவர் சங்கத்தின் பட்டியலில் என் பெயரைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அவரை அக்கா என்று அழைத்தேன். அன்று முதல் அவர் அறையிலேயே தங்கினேன். அதன் பிறகு ரொட்டி வாங்குவது, மைக்ரோபஸ்ஸைக் கைகாட்டி நிறுத்துவது, எல்லாம் அவர்தான் கற்றுக்கொடுத்தார். சாலையைக் கடக்கத் தெரியாமல் நான் ஓரமாகவே நின்றபோது, "காரைப் பாக்காதே, ஓட்டுறவன் மூஞ்சியப் பாரு. அவனும் உன்ன மாதிரி பயந்தவன்தான்" என்றார்.

டிசம்பர் மாதக் கடைசியில் ஹாஜி ரிஃபாத் கட்டடத்துக்கு வந்திருந்தபோது, அக்கா அவரை மாடிப்படியில் நிறுத்தி வெகு நேரம் பேசினார். கையைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கிக் காட்டினார். காவலாளி ஷஹாத்தாவும் உடன் இருந்தார். அவர்கள் வேகமாகப் பேசிய அரபு எனக்குப் புரியவில்லை. அதன் பிறகு என்ன விஷயம் என்று கேட்டேன். "வீட்டுக்காரன் சண்டை, உனக்கு எதுக்கு? நீ போய் வினைச்சொல்லப் படி" என்றார்.

ஜனவரியில் குளிர் அதிகமானது. நான் அப்படிப்பட்ட குளிரை அதுவரை பார்த்ததில்லை. "உன் பல்லு தந்தி அடிக்கிறது மூணாவது மாடிக்குக் கேக்குது" என்று அக்கா கேலி செய்வார். குளியலறையில் எரிவாயுவில் எரியும் வெந்நீர்க் கொதிகலன் இருக்கிறது. அதற்கு எதிர்ச்சுவரில், உயரத்தில், ஒரு சாண் அகலத்துக்கு ஒரு துவாரம் உண்டு. அதன் வழியாகக் காற்று வரும். 13-ஆம் தேதி சனிக்கிழமை நான் குளித்து முடித்த பிறகு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, என்னுடைய நீலத் துண்டைச் சுருட்டி அந்தத் துவாரத்தை அடைத்தேன். உள்ளே கதகதப்பாக இருந்தால் அக்காவுக்கும் நல்லது என்று நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என் தங்கும் அனுமதிக்காக இருவரும் அலுவலகத்துக்குப் போவதாக இருந்தது. வரிசையில் முன்னால் நிற்க வேண்டும் என்று அக்கா காலை ஏழு மணிக்கே குளிக்கப் போனார். நான் அவரைப்பயறை அடுப்பில் சூடாக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதனால் சந்தேகம் வரவில்லை. அரை மணி நேரம் கழித்துக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. அதன் பிறகு கீழே ஓடி ஷஹாத்தாவை அழைத்து வந்தேன். அவர் தோளால் இடித்துக் கதவைத் திறந்தார். உள்ளே பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் மேலங்கியைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "முதல்ல போத்து, பொண்ணே" என்றார். அக்காவின் மூக்குக்கண்ணாடி மடித்தபடி கண்ணாடி அலமாரியில் இருந்தது. அது இல்லாமல் அவருக்கு எதிர்ச்சுவர் தெரியாது.

அன்று அதிகாரி துண்டைக் காட்டி யாருடையது என்று கேட்டபோது, எனக்குத் தெரியாது என்றேன். அனுமதி கிடைக்காமல் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். துவாரத்தை இறந்தவரே அடைத்துக்கொண்டார் என்று ஹாஜி ரிஃபாத் எழுதிக்கொடுத்தார். வெளியே வந்த பிறகு என்னிடம், "போனவ வரப்போறதில்ல. நீ உன் படிப்பப் பாரும்மா" என்றார்.

17-ஆம் தேதி என் பெட்டியை எடுக்கப் போனபோது, அன்று படியில் அக்கா என்ன பேசினார் என்று ஷஹாத்தாவிடம் கேட்டேன். கொதிகலனின் புகைக்குழாய் கழன்றுவிட்டது, மாற்றிக்கொடுங்கள் என்று அக்கா இரண்டு முறை கேட்டாராம். "அந்த ஓட்டை இருக்கிறதாலதான் உயிரோட குளிக்கிறோம்னு சொல்லிச்சு. ஹாஜி, ரம்ஜான் கழியட்டும்னுட்டாரு" என்றார். அதன் பிறகு அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "துண்டு யாருதுன்னு நான் கேக்கல" என்றார். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று அக்காவின் தாயார் தொலைபேசியில் பேசினார். "எல்லாத்தையும் ரெண்டு தடவ பாக்குற புள்ளம்மா அவ. அந்த ஓட்டைய எப்படி அடைப்பா? மனசு ஏதும் சரியில்லாம இருந்தாளா? ஊர்ல வேணும்னே செஞ்சுக்கிட்டான்னு பேசுறாங்க. நீ கூட இருந்தியே, சொல்லு" என்று கேட்டார். "இல்லம்மா" என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு அவர் நன்றி சொல்லி, என் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

துண்டு என்னுடையது. அடைத்தது நான். குழாய் கழன்றிருந்ததும், அதை இறந்தவர் முறையிட்டிருந்ததும் உண்மை. அவர் சாக நினைக்கவில்லை. அன்று காலை என்னோடு வரிசையில் நிற்பதற்காகவே குளிக்கப் போனார். இதன் நகல் தூதரகம் வழியாக அவர் தாயாருக்குப் போகும் என்று அதிகாரி சொன்னார். அதற்கு முன் நானே அவரிடம் சொல்ல வேண்டும். கையெழுத்திட்டதும் இந்த நிலையத்திலிருந்தே பேச அனுமதி கேட்டிருக்கிறேன்.

மேலே உள்ளவை எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டப்பட்டன. புரியாத இரண்டு சொற்களுக்குப் பொருள் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது. இவை அனைத்தும் நடந்தவை. யாரும் சொல்லிக்கொடுத்து நான் சொல்லவில்லை.

(ஒப்பம்) சித்தினா பக்கார் மதி
ஜனவரி 21, பகல் 11.20 மணி