காலியிடம் நாற்பத்தொன்று

அன்று காலை தம்பி என்னிடம் நகவெட்டி வாங்கினான். இடது கை நகங்களை வெட்டி முடித்தபோது கீழேயிருந்து கூப்பிட்டார்கள். மிச்சத்தை வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று லிஃப்டில் ஏறினான்.

விபத்தை விசாரிக்க வந்த நீங்கள் கேட்டது கணினியைப் பற்றி. அதையே சொல்கிறேன். கிடங்கு மேலாளர் நான். கோப்புகளுக்குத் தினமும் நகல் எடுத்துவைப்பதும் என் வேலை. கணினி எல்லாவற்றையும் தினமும் புதிதாக எடுக்காது. மாறியதை மட்டும் சேர்த்துக்கொள்ளும். பழைய நாட்களின் நகலை நீக்கினாலும் இன்றைக்கு இருக்கிற கோப்பு எதுவும் போகாது. இன்றைக்கு இல்லாதது மட்டும் போகும்.

தம்பி சரக்கு லிஃப்ட் ஓட்டினான். விபத்துக்கு நான்கு நாள் முன்பு, இழை இழையாக அறுந்திருந்த கம்பி வடத்தை வீடியோ எடுத்து அலுவலகக் கணினியில் போட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றான்.

"லிஃப்டை நிறுத்திடுண்ணா."

"பயமா இருந்தா படியில ஏறு."

"நான் ஏறிடுவேன். மூட்டை ஏறுமா?"

இருவரும் சிரித்தோம். அந்த வாரம் சரக்கு போயாக வேண்டும். மறுநாள் அவனுக்கு விடுப்பு. அன்று வீடியோவை அழித்தேன். திரும்பி வந்தவனிடம், ஆட்கள் வந்து வடத்தை மாற்றிவிட்டார்கள் என்றேன். யாரும் வரவில்லை. அவன் மேலே போய்ப் பார்க்கவில்லை. சொன்னது அண்ணன் அல்லவா.

வடம் அறுந்து லிஃப்ட் விழுந்து தம்பி இறந்தபின், அவன் அளவுக்கு மீறி ஏற்றினான் என்று எழுதிக் கொடுத்தேன். பழி அவன்மேல் நின்றால் அவன் குடும்பத்துக்கு நஷ்டஈடு ஒன்றும் கிடைக்காது என்று தெரியும். அவர்களை நான் பார்த்துக்கொள்வதாக இருந்தேன்.

அவன் மனைவி ஒரே தடவைதான் கேட்டாள். "வீடியோ எடுத்தேன்னு சொன்னாரே மாமா, அது எங்க?"

தேடித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, விபத்துக்கு முந்தைய நகல்களையெல்லாம் நீக்கினேன். இருந்த கோப்பு ஒன்றையும் தொடவில்லை.

அந்த வீடியோ பிடித்திருந்த மூன்று ஜிபி இடம் விடுபட்டிருக்க வேண்டும். நீக்குமுன் காலியிடம் நாற்பத்தொன்று ஜிபி. நீக்கிய பின்னும் நாற்பத்தொன்று. ஒரே வீடியோ இரண்டு பெயரில் இருந்தாலும் நகலில் ஒருமுறைதான் இடம்பிடிக்கும். ஒரு பெயர் மிஞ்சினாலும் போகாது. தேடினேன். என் கோப்புகளுக்கு நடுவிலேயே 'அண்ணனுக்கு' என்று இன்னொன்றை வைத்திருந்தான்.

அதையும் அழித்திருக்கலாமே என்கிறீர்கள். எனக்கென்று தம்பி வைத்ததை நான் எப்படி அழிப்பேன். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

விபத்திலிருந்து கிடங்கு பூட்டிக் கிடக்கிறது, நகலில் புதிதாக எதுவும் சேரவில்லை. இன்று காலை நீங்கள் கணினியைத் திறந்தபோது காலியிடத்தை எட்டிப் பார்த்தேன். நாற்பத்தொன்று.