மூன்று மில்லிமீட்டர் பிசகு

சிதம்பரத்தில் இந்த மாதம் காற்றில் ஈரம் அதிகம், இன்ஸ்பெக்டர் மேடம். அப்பளம் நமுத்துப்போவதுபோல எங்கள் பிளாஸ்டிக் இழையும் நமுத்துவிடும். நானாக இருந்தால் அதைக் காயவைத்துத்தான் முப்பரிமாண அச்சுக் கருவியில் ஏற்றுவேன். என் மைத்துனன் கதிர்வேல் காயவைக்க மாட்டான்.

எங்கள் கடையில் வேலை இதுதான். கடலூரில் ஒரு மருத்துவமனையிலிருந்து நோயாளியின் ஸ்கேன் வரும். அதை வைத்து, முதுகெலும்பின்மேல் கச்சிதமாக உட்காரும் ஓர் உறையைக் கணினியில் வரைவேன். அதிலுள்ள துளை வழியாகத்தான் டாக்டர் எலும்பில் ஸ்குரூ போடுவார். கதிர்வேல் அந்த உறையை அடுக்கடுக்காக அச்சிடுவான். அடுக்கு மெல்லியதாக இருந்தால்தான் வளைவுகள் படிக்கட்டாகாமல் வரும். ஆறும்போது சுருங்குவதற்கும் கணக்குப் போட வேண்டும். இதை ஆராய்ந்துதான் நான் டாக்டர் பட்டமே வாங்கினேன்.

அவனோ தடித்த அடுக்கில் சீக்கிரம் முடித்துக் கொடுப்பான். கேட்டால், “நீங்க ரொம்ப ஜாஸ்தியா பாக்குறீங்க மாமா. டாக்டரே போதும்ங்கறாரு, உங்களுக்கு என்ன?” என்று சிரிப்பான். என் மனைவியும் தம்பியோடு சேர்ந்து சிரிப்பாள். ஒவ்வொரு ஆபரேஷனும் நன்றாகவே முடிந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒன்று தப்பாகப் போனால், நான் சொன்னதுதான் சரியென்று எல்லோருக்கும் புரிந்துவிடும் என்று தோன்றியது.

குறிஞ்சிப்பாடியைச் சேர்ந்த சிந்துஜாவின் ஸ்கேன் வந்தது. நர்சிங் படிக்கும் பெண், முதுகு வளைந்திருந்தது. அவள் அம்மா விருத்தாம்பாள் கடைக்கே வந்து, “நல்லா பாத்து செஞ்சு குடு தம்பி. புள்ள நிமிந்து நடக்கணும்” என்றார். பார்த்துத்தான் செய்தேன். ஒரு துளையை மூன்று மில்லிமீட்டர் தண்டுவடத்தின் பக்கம் நகர்த்தினேன். கதிர்வேல் வழக்கம்போல அச்சிட்டான். பிறகு என் கணினியில் துளையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தேன்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது. தன் அடுக்குகளால்தான் இப்படி ஆனது என்று கதிர்வேல் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நான்தான் அவனைச் சமாதானப்படுத்திச் சாப்பிட வைத்தேன்.

அச்சிடும் கருவியின் மெமரி கார்டில், நான் துளையை நகர்த்திய வரைபடம் அழியாமல் தங்கிவிட்டது. அது என் மறதி, ஒப்புக்கொள்கிறேன். துளையை நகர்த்தியதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் நிபுணர் உறையை அளந்துவிட்டு, துளை நான் வைத்த இடத்தில் மயிரிழைகூடப் பிசகாமல் இருக்கிறது என்கிறார். காயவைக்காத இழை, தடித்த அடுக்கு, அப்படியும் பிசகவில்லையாம். அதை மட்டும் என்னால் ஏற்க முடியாது, மேடம். ஏதோ தற்செயலாக அமைந்திருக்கிறது. இன்னொரு நோயாளிக்கு அவனை அச்சிடச் சொல்லிப் பாருங்கள்.