மருதப்பனின் ஆற்றுப் பெட்டியும் தெய்வானையின் மூக்குத்தியும்

பந்திக்கு இலை போட்டாச்சுன்னு பின்னாடி இருந்து ஒருத்தர் கை காட்டுறாரு... பார்த்துட்டேங்க. சாம்பார் ஆறுறதுக்குள்ள முடிச்சிடறேன். மாப்பிள்ளை கௌதமனுக்கும் பொண்ணு இளவரசிக்கும் நான் பரிசு எதுவும் கொண்டு வரல. ஒரு குட்டிக் கதைதான் கொண்டு வந்திருக்கேன். கேட்டுக்குங்க.

நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி. அங்க மெக்கானிக்கா இருந்தவரு மருதப்பன். அவரு சம்சாரம் தெய்வானை, அதே எஸ்டேட்ல கொழுந்து பறிச்சவங்க. கல்யாணம் ஆன முதல் வருஷம், ஆத்துல குளிக்கையில அந்தம்மாவோட மூக்குத்தி திருகு கழண்டு தண்ணியோட போயிடுச்சு. வேற வாங்கித் தரேன்னு இவரு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாரு. அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? "ஆறு எடுத்துச்சு... ஆறே குடுக்கட்டும்."

சொல்லிட்டு, மூக்குத் துளை தூந்துடாம இருக்க ஒரு வேப்பங்குச்சியைச் சொருகிக்கிட்டாங்க. ஒரு வருஷமா? ரெண்டு வருஷமா? முப்பத்தொரு வருஷம்... வேப்பங்குச்சி. கல்யாண வீட்டுக்குப் போனாலும் குச்சி, காதுகுத்துக்குப் போனாலும் குச்சி. பக்கத்துல நிக்கிற மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க?

ரிட்டயர் ஆனாரு. அந்த ஆத்து மணல்ல பொடிப்பொடியா தங்கம் உண்டு. அதை அரிச்சு எடுத்து ஒரு மூக்குத்தி செஞ்சு போட்டே தீரணும்னு கிளம்பிட்டாரு. செல்போன்ல பார்த்துப் பார்த்து ஒரு பெட்டி செஞ்சாரு. பெட்டின்னா மூடி போட்டது இல்லைங்க... ஆள் நீளத்துக்கு ஒரு பலகைத் தொட்டி, ரெண்டு முனையும் திறந்திருக்கும். உள்ள குறுக்குச் சட்டங்கள். ஓடுற தண்ணியில வச்சு, மேல் முனையில மணலைக் கொட்டணும். லேசான மணல் தண்ணியோட போயிடும். தங்கம் கனமில்லையா... சட்டத்துக்குப் பின்னாடி தங்கிடும். அவ்வளவுதான் வித்தை.

பங்குனியில ஆரம்பிச்சாரு. வைகாசி கடைசியில மழை பிடிச்சுட்டா ஆத்துல கால் வைக்க முடியாது. தெய்வானை அம்மாவும் கூடப் போவாங்க. பெட்டியோட கீழ் முனையில நின்னு, குவியுற மணலைத் தள்ளிவிடுறது அவங்க வேலை. பாறை வழுக்குதேன்னு, கொழுந்து பறிக்கையில மழைக்குப் போட்டுக்கிட்ட பழைய கம்பளியைக் காலுக்கடியில விரிச்சுக்கிட்டாங்க.

பங்குனி போச்சு. சித்திரை போச்சு. தங்கம்? ஒரு பொட்டு கிடையாது.

ஏன்? இவரு ஃபேக்டரி மனுஷன். தேயிலை சலிக்கிற மெஷின்ல தூள் தேங்கவே கூடாது. தேங்குனா அடைப்பு, அடைச்சா மோட்டார் போயிடும். முப்பது வருஷம் அதே கவலையில இருந்தவரு. இங்க சட்டத்துக்குப் பின்னாடி, தங்கத்தோடயே தங்குற கனமான கருமணல் சேர்றதைப் பார்த்ததும் என்ன பண்ணாரு? "அடைச்சுக்கிச்சு"ன்னு மேல் முனைக்கு அடியில ஒரு கல்லு வச்சாரு. தண்ணி வேகமா ஓடுச்சு. மறுபடி சேர்ந்துச்சு. இன்னொரு கல்லு... பெட்டி செங்குத்தா நிக்காத குறைதான்.

அந்தம்மா மெதுவாச் சொன்னாங்க. "சாய்வைக் கொஞ்சம் குறைங்களேன். அரிசி அரிக்கையில இப்படியா தண்ணியை விடுவோம்? அரிசியோட கல்லும்ல சேர்ந்து போயிடும்."

அதுக்கு இவரு, "மெஷினோடயே குடித்தனம் பண்ணவன்மா நான். நீ அரிசியைப் பாரு."

பொம்பளைங்க பக்கம் சிரிப்பு பலமா வருது... எத்தனை வீட்டுல நடக்குதோ.

வைகாசி கடைசி வாரம். மேகம் கூடிருச்சு. மருதப்பன் பெட்டியைக் கரையில கவிழ்த்துட்டு அது மேலேயே உட்கார்ந்தாரு. "முடியல தெய்வானை... ஒரு மூக்குத்திக்கு என்னால வழி பண்ண முடியல." கண்ணு கலங்கிடுச்சு மனுஷனுக்கு. அந்தம்மா ஈரக் கம்பளியைச் சுருட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தாங்க.

மறுநாள் காலையில கம்பளியை ஒரு தொட்டியில போட்டு அலசுனாங்க. அழுக்குத் தண்ணியைச் சாய்ச்சா... அடியில கருமணல். சும்மா விடுவாங்களா? அரிசி அரிக்கிற மாதிரி நிதானமா அரிச்சாங்க. கருப்புக்கு நடுவுல மஞ்சளா... மினுக் மினுக்னு. அவரைக் கூப்பிட்டுக் காட்டுனாங்க.

"இது எங்க இருந்து வந்துச்சு?"

"நீங்க தேங்கக் கூடாதுன்னு விரட்டுனீங்கல்ல... அதுதாங்க. எங்காலடியில வந்து தேங்கியிருக்கு."

அவரு பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஆத்துக்குப் போனாரு. இந்தத் தடவை அடியில ஒரு கல்லு கிடையாது. சாய்வு எவ்வளவுன்னு அந்தம்மா கை வச்சுச் சொன்னாங்க, இவரு வச்சாரு. எட்டு நாள் கிடைச்சுது. ஒன்பதாம் நாள் மழை.

ஆசாரிகிட்ட போனாங்க. "ரொம்பப் பொடியா இருக்கே, கொஞ்சம் சேர்த்துப் பெரிசா செய்யட்டுமா"ன்னு அவரு கேட்டாரு. மருதப்பன் ஒத்துக்கல. ஆறு குடுத்தது மட்டும் போதும்னுட்டாரு. கடுகத்தனை மூக்குத்தி வந்துச்சு.

போன மாசம் அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். குச்சியைக் காணோம். மூக்குத்தியும் எனக்குத் தெரியல. எங்கேம்மா இருக்குன்னு கேட்டேன். அந்தம்மா சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க: "கிட்ட வந்து பார்த்தாத்தாங்க தெரியும். அவரு தினமும் வந்து பார்த்துட்டுப் போறாரு."

மாப்பிள்ளை... உங்க வேலையில எல்லாமே வேகம். தப்பில்ல. ஆனா சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இளவரசி ஏதோ சொல்ல வருவாங்க. "சரி... ம்... அப்புறம்?"னு போனைப் பார்த்துக்கிட்டே தள்ளிவிடுவோமே... அப்படித் தள்ளிவிட்டதுல என்னென்ன போச்சுன்னு நமக்குத் தெரியவே தெரியாது. மருதப்பனுக்குக் கீழே ஒரு கம்பளி இருந்துச்சு. எல்லார் வீட்டுலயும் இருக்குமா?

இளவரசி, உங்களுக்கும் சேர்த்துத்தான். வீட்டுக்குள்ள நுழையும்போது ரெண்டு பேரும் அந்தக் கல்லை உருவி வெளியில போட்டுடுங்க. கொஞ்சம் தேங்கட்டும்... தேங்குனதைக் கிட்ட உட்கார்ந்து பாருங்க. நல்லா இருப்பீங்க.

சரி, எழுந்திருங்க. பந்தியில யாரும் ஓட வேண்டாம்... பாயசம் எல்லாருக்கும் இருக்கு.