கவிழ்த்த வள்ளத்தில் முதலாம் இடம்

ஹலோ... ஹலோ... ஓம், ஓம், அஞ்சலாதான்... கேக்குதோ?... பொறுங்கோ, பொறுங்கோ, வள்ளத்தில ஏறுறன்...

ஓம் தம்பி, வள்ளம். கரையில கவிட்டு வச்சது. வாடைக் காத்துக்கு ஒருத்தரும் கடலுக்குப் போகேல்லை. இஞ்ச ஓலைத்தொடுவாயில எங்கட வீட்டுக்குள்ள சிக்னல் வராது, இந்த வள்ளத்தின்ர முதுகில ஏறி நிண்டாத்தான்... இப்ப கேக்குதோ?... ஆ, சரி.

ரேடியோவோ? அது உள்ளுக்க. கதவைச் சாத்திப்போட்டுத்தான் வந்தனான், இரையாது. வருசத்தின்ர முதலாம் பாட்டைச் சொல்லப்போறியளெண்டு அரைவாசி ஊர் அங்க குந்தியிருக்கு. எங்கட மாமி, மார்த்தாக்கா, என்னோட மீன் காயப்போடுற கருவாட்டு வாடிப் பெட்டையள்... நான்தான் வரச்சொன்னனான். இண்டைக்கு ரேடியோவில என்ர பேர் சொல்லுவினம், வந்து கேளுங்கோ எண்டு.

நீங்கள் லைன் செக் பண்ணுற தம்பிதானே?... காலமை ஒரு பிள்ளை எடுத்துச் சொன்னவ, முதல் லைன் செக் பண்ணுவினமாம், பிறகுதான் அறிவிப்பாளர் றிபாத் வருவாராம்... என்ன?... நேரலையோ? ஓம், ஓம், தெரியும். நேரலைக்கு விடேக்க சொல்லுங்கோ. தொண்டையைச் செருமிப்போட்டு வடிவாக் கதைப்பன். இப்ப சும்மா கதைக்கிறன்... உங்கட குரலும் அந்த றிபாத்தின்ர குரல் மாதிரித்தான் கிடக்கு. அங்க வேலை செய்யிற எல்லாருக்கும் அப்பிடி வந்திடுமாக்கும்.

எப்பிடிப் பாட வந்ததெண்டோ?... அதைக் கேட்டால் சிரிப்பியள். மன்னார் ரவுணில றமீஸெண்டு ஒரு பொடியன், போன் கடை வச்சிருக்கிறான். ஓம், அவன்தான், உங்களுக்கு என்ர நம்பர் தந்தவன். போனுக்குக் கண்ணாடி மாத்தப் போனனான். பாத்துக்கொண்டிருந்த நேரம் சும்மா முணுமுணுத்துக்கொண்டு நிண்டன். அக்கா, உள்ளுக்க வாங்கோ எண்டான். கடைக்குப் பின்னால ஒரு அறை, சுத்திவர மெத்தையைச் சாத்தி வச்சிருக்கிறான், அதுதான் ஸ்ரூடியோவாம். எனக்கு மூச்சு முட்டிச்சுது. அந்த மூச்சு முட்டினதைத்தான் எல்லாரும் நல்ல உணர்ச்சி எண்டு சொல்லுகினம்.

ஓம், ஓம்... பாட்டு வீடியோவில நிக்கிறது டிலோஜினியெண்டு கொழும்புப் பிள்ளை. நல்ல பிள்ளை. வாய் மட்டும் அசைக்கும். றமீஸ் என்ர முகத்தை மேலயும் கீழயும் பாத்திட்டு, அக்கா, உங்களிட்டக் குரல் போதும் எண்டான். என்ர பேர் அடியில எங்கேயோ கிடக்காம். ஆர் தம்பி அவ்வளவு தூரம் இறங்கிப் பாக்கிறது?

பொறுங்கோ, சொல்ல விடுங்கோ... நேரலை, ஓம், விளங்குது, நீங்கள் வேலையைப் பாருங்கோ, நான் கதைச்சுக்கொண்டிருக்கிறன், லைன் விழாமல் இருக்கும்.

தையில எங்கட மிஸ்கோல் மச்சான் பாட்டு முதலாம் இடம் வந்தது தம்பி. பிறகு அந்த மோட்டச்சைக்கிள் பாட்டு வந்து எங்களைத் தள்ளிப்போட்டுது. அதுக்குப் பிறகு ஒரு பொடியன் அழுது அழுது பாடினானே, இரண்டு மாசம் அவன் இறங்கேல்லை. எங்கட வாடியில அந்தப் பாட்டுக்குக் கண் கசக்காத ஆள் இல்லை. வெங்காயம் இல்லாமல் வேலை நடந்தது. மடுத் திருவிழா நேரம் பாத்தால், எங்கட மிஸ்கோல் மச்சான் திரும்ப மேல! பஸ்ஸில அது, ஓட்டோவில அது, ஐஸ் கொண்டுவாற லொறியில அது. நான் லொறிக்குப் பின்னால நிண்டு மீனுக்கு உப்புப் பிசையிறன்.

ஒருத்தரும் நம்புறதில்லை தம்பி. அதுதான் கதை. ஒருநாள் வாடியில பாட்டுப் போகுது, நானும் சேந்து பாடினன். மார்த்தாக்கா கத்தியை வச்சிட்டு, அஞ்சலா, வாயைப் பொத்து, நல்ல பாட்டைக் கெடுக்காத எண்டா... சிரிக்காதேங்கோ. நான் என்ன செய்யிறது, பொத்தினன். கோயிலில என்னைக் கடைசி வரிசையில, தூணுக்குப் பின்னாலதான் நிப்பாட்டுறவை.

என்ர மனுசனோ? சந்தியோகுவுக்குத் தெரியும், நான் பாடேக்க பக்கத்தில நிண்டவர். ஆனா தாய்க்கு முன்னால ஆள் ஊமை.

மாமியோ?... ஐயோ, மாமியின்ர கதை கேட்டால்... ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, சரியோ? தவக்காலத்தில எங்கட வீட்டில பாட்டே போடக்கூடாது, அது அவவின்ர சட்டம். வாயால முணுமுணுத்தாலும் பேச்சு. ஒருநாள் நான் தண்ணி எடுத்துக்கொண்டு வாறன், குசினிக்க என்னமோ சின்னதாக் கேக்குது. எட்டிப் பாத்தால் மாமி! ரேடியோவைக் காதோட வச்சு, சத்தத்தைக் குறைச்சு, மிஸ்கோல் மச்சான் கேக்கிறா! தலையும் ஆடுது! என்னைக் கண்டவுடன, செய்தி கேட்டனான் எண்டா.

அவதான் தம்பி ஒருநாள் அந்த வீடியோவைக் காட்டிச் சொன்னது, பாத்தியோ, இந்தப் பிள்ளை எவ்வளவு வடிவா வாயைத் திறக்குது, நீ திறந்தால் கலவாய் மீன் மாதிரிக் கிடக்கு எண்டு. எனக்குக் கோவம் வந்திட்டுது. அறைக்குள்ள போய்க் கண்ணாடிக்கு முன்னால ஒருக்காத் திறந்து பாத்தன்... கலவாய்தான்.

அதுக்காக விடேலுமோ தம்பி? பகிடியாச் சொல்லுறன், ஆனா மனசு எரியும். ஒரு வருசமா என்ர குரல் ஊரெல்லாம் திரியுது, என்ர வீட்டுக்குள்ள மட்டும் அது வேற ஆரோ. காசு, மேடை ஒண்டும் வேண்டாம். இண்டைக்கு ஒருக்கா, ஓலைத்தொடுவாய் அஞ்சலா எண்டு அந்த றிபாத் சொன்னால் போதும். மாமி கேக்கோணும். அவ்வளவுதான்.

என்ன?... பாடோணுமோ? லைனுக்கோ?... ஆ, சத்தம் பாக்கவாக்கும். சரி, பிழைச்சாலும் பறவாயில்லை, ஆர் கேக்கப்போகினம்...

மிஸ்கோல் அடிக்கிற மச்சானே
மிச்சக் கதையை எப்ப சொல்லுவாய்
வலைக்குப் போற நேரம் பாத்து
வாட்ஸப்பில நிண்டு கொல்லுவாய்...

எப்பிடி?... காத்து இரையுதோ?... பொறுங்கோ, கதவைத் திறந்திட்டினம். ரேடியோ கேக்குது... பாட்டுப் போகுது... இல்லை, இது மெத்தைக்குள்ள பாடினது இல்லை, இதில காத்து இரையுது... தம்பி... "எப்பிடி?" எண்டு நான் இப்பதான் கேட்டனான். அது இப்ப எங்கட வீட்டுக்குள்ள கேக்குது.

தம்பி, நீங்கள் ஆர்?

...றிபாத்தோ? அந்த றிபாத்தோ?

...சொன்னனீங்களோ? மூண்டு தரமோ?... ஓம், நான் எங்க விட்டனான் உங்களைச் சொல்ல. நீங்கள்தானெண்டு நம்பேல்லையே நான், எங்கட ஊராக்கள் மாதிரி...

எதில இருந்து போனது?... ஹலோவில இருந்தோ!... கலவாயும் போனதோ?... தவக்காலம்?... குசினி?... ஐயோ மாதாவே! எங்கட பங்குச் சுவாமியும் இந்த நிகழ்ச்சி கேக்கிறவர்!

எல்லாரும் வெளிய வந்திட்டினம் தம்பி... மார்த்தாக்கா தன்ர வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறா... மாமி வாறா. முத்தம் கூட்டுற தும்புத்தடியோட வாறா... நான் எப்பயடி தவக்காலத்தில பாட்டுக் கேட்டனான் எண்டு கத்துறா... அது ரேடியோவிலயும் போகுதோ?... போகட்டும்!

தம்பி, விளங்குதோ? நம்பீட்டா! வேற ஆரோ பாடினதெண்டால் எனக்கேன் தும்புத்தடி? நான்தானெண்டு நம்பீட்டா!... வைக்காதேங்கோ, லைனை வைக்காதேங்கோ...

மாமி, வள்ளத்தை ஆட்டாதேங்கோ, சிக்னல் போகுது... மாமி, இந்தாங்கோ போன், பாடினது என்ர மருமோள்தான் எண்டு இதுக்க ஒருக்காச் சொல்லிப்போட்டு அடியுங்