வாஹித் கழுவிய டேங்க்

மணி ஆறேகால்தான். ஆனால் ஐப்பசி அடைமழை இருட்டு. திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டைக்குப் போகிற ரோடு... அந்தக் காலத்தில் ஊரைத் தாண்டினால் விளக்கு என்று ஒன்று கிடையாது. மலைக்கோயில் விளக்கு மட்டும் கொஞ்ச தூரம் முதுகுக்குப் பின்னால் வரும். அப்புறம் அதுவும் போய்விடும்.

அந்த ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. போனதை நாலு பேர் பார்த்தார்கள். எட்டரை மணிக்கு அதே வண்டி திரும்பி வந்தது. அதையும் பார்த்தார்கள். நடுவில் என்ன நடந்தது?

நம் அப்துல் கரீம் இருக்கிறாரே, அவருக்கு ஒன்றுவிட்ட பெரியப்பாவான வாஹித்துக்கு நேர்ந்தது இது. கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். உரக்கச் சொல்கிற விஷயம் இல்லை.

சண்டை முடிந்த மறு வருஷம். நாற்பத்தாறு. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வாஹித்துக்கு ஒரு தகரக் கொட்டகை. மெக்கானிக். சண்டைக் காலத்தில் கரிப்புகையில் பஸ் ஓடியதே, அந்த அடுப்புகளை எல்லாம் ரிப்பேர் செய்த கை. தாய் தகப்பன் இல்லை. இருந்தது ஒரே தங்கை, குல்ஜார். அவளை ஆர்.கே.பேட்டையில் உசேன் என்பவனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். மாமியார் ஆலம் பீ. நல்ல இடம் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அந்த மோட்டார் சைக்கிள் டாக்டர் வேதாசலத்தினுடையது. பெட்ரோல் கிடைக்காமல் இரண்டு வருஷம் சும்மாவே நின்று, டேங்கின் உட்புறம் முழுக்கத் துரு. ஆவணி மாதம் அதைக் கழற்றி வாஹித்திடம் கொடுத்தார். வாஹித் புளி கரைத்த தண்ணீரை நிரப்பி இரண்டு நாள் ஊறவிட்டார். பிறகு இரண்டு பிடி கூழாங்கல், அரைப்படி மண்ணெண்ணெய். வாயை அடைத்து, சாக்கில் சுற்றி, மடியில் வைத்து ஆட்டினார். கலக்... கலக்... கலக்... ஒரு நாள் முழுக்க அந்தச் சத்தம். செம்பழுப்பாக ஊற்றியது, கடைசியில் தெளிந்து வந்தது.

அவர் ஆட்டிக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் தேசப்பன் வந்தான். குல்ஜாருக்கு அடுத்த வீட்டுக்காரன், கூலி வேலை செய்கிறவன். தங்கை சொல்லி அனுப்பியிருந்தாள். ஏழு மாசம் ஆகிவிட்டதாம். தலைப்பிரசவம், அண்ணன் வந்து கூட்டிப் போகட்டும். இங்கே இருக்க முடியவில்லை. இந்த டேங்க் வேலை முடியட்டும், வருகிறேன் என்று வாஹித் சொல்லி அனுப்பினார். முடிந்தது. போகவில்லை. புரட்டாசியில் மறுபடியும் ஆள் வந்தது. அடுத்த வாரம் என்றார்.

ஐப்பசியில் ஒரு நாள் சாமான் வாங்க அரக்கோணம் போனவர் மழையில் அங்கேயே தங்கிவிட்டார். மறுநாள் காலை ரயிலில் வந்து இறங்கியபோது ஸ்டேஷனில் தேசப்பன் நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே வாஹித் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டார்.

இரண்டு நாள் வலி. குழந்தை குறுக்கே திரும்பிக்கொண்டது. மருத்துவச்சி கைவிட்டாள். முந்தின நாள் சாயங்காலம் தேசப்பன் சைக்கிளை மிதித்து வந்து டாக்டர் காலில் விழுந்தான். டாக்டர் கிளம்பினார். ஆனால் போய்ச் சேரவில்லை. இரவு பதினொரு மணிக்குத் தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று.

டாக்டர் எல்லோரிடமும் சொன்னது இதுதான். ஆர்.கே.பேட்டைக்கு இரண்டு மைல் முன்னால், ஏரிக்கரையில் வண்டி நின்றுவிட்டது. பெட்ரோல் இறங்கவில்லை. மழையில் டேங்கின் குழாயைக் கழற்றிப் பார்த்தால், நாட்டுச் சர்க்கரை மாதிரி துரு கொட்டியதாம். எப்படியோ ஊதிச் சுத்தம் செய்து, மேலே போகப் பயந்து, உருட்டிப் புரட்டித் திரும்பினாராம்.

வாஹித் கழுவிய டேங்க்.

ஊர் சும்மா இருக்குமா? "டேங்கைக் கழுவின லட்சணம், தங்கச்சிய வாரிக் குடுத்துட்டான்" என்றார்கள். கபர்ஸ்தானில் உசேன் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னான். மூன்று பிடி மண் போடக்கூட விடவில்லை. வீட்டு வாசலில் ஆலம் பீ எல்லார் முன்னாலும் அவரைப் பார்த்துக் காறித் துப்பினாள். வாஹித் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். தன் கையால் கழுவியதுதானே.

அன்றோடு பெட்ரோல் வண்டி எதையும் அவர் தொடுவதில்லை. சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினார். டாக்டர் அந்தப் பக்கம் வருவதே இல்லை. ரிப்பேர் என்றால் வண்டியை அரக்கோணத்துக்கு அனுப்பினார். கொலைகாரன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை போலும் என்று வாஹித் நினைத்துக்கொண்டார்.

மாசி மாதம் டாக்டரின் கம்பவுண்டர் கோதண்டம் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மேலே ஒரு கோணிப்பை. உள்ளே பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் எடுத்த டேங்க். பழையது இரண்டு காலன், இது நாலு காலன். பள்ளிப்பட்டு வரைக்கும் போய்வர வசதி, அந்தத் துருப்பிடித்த சனியனும் தொலையும் என்று ஐயா வாங்கினாராம். அரக்கோணத்தில் மாட்டச் சொல்லித்தான் உத்தரவு. கம்பவுண்டருக்கு ரயில் ஏற்றி இறக்கச் சோம்பல். "அவருக்குத் தெரிய வேணாம், நீயே மாட்டிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வாஹித் ரொம்ப நேரம் வண்டியைத் தொடவில்லை. பிறகு ஸ்பானரை எடுத்தார். தங்கையைக் கொன்ற துருவை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிடலாம் என்றுதான்.

டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தார். வெளுத்த துணியில் பெட்ரோல் ஊற்றியது. துணியில் ஒரு பொடி இல்லை. சின்னக் கண்ணாடியை எடுத்து, வெயிலைத் திருப்பி உள்ளே அடித்தார். அடி வரைக்கும் பளபளப்பு. மூலையில் விரலை விட்டுத் துழாவினார். விரல் சுத்தமாக வந்தது.

அரக்கோணத்தில் யாராவது கழுவியிருப்பார்களோ? குழாயைப் பார்த்தார். ஆவணியில் மாட்டும்போது மரையில் சிவப்பு நூல் சுற்றி, மேலே சோப்புத் தடவி முடுக்கியிருந்தார். அது அவர் கைமுறை. பெட்ரோல் கசியாது. ஆனால் ஒரு தரம் கழற்றினால் நூல் பிய்ந்துவிடும்.

நூல் அப்படியே இருந்தது. சோப்பு காய்ந்து, மேலே ரோட்டுப் புழுதி படிந்து... அவர் மாட்டிய நாளிலிருந்து அந்தக் குழாயை யாரும் கழற்றவே இல்லை. ஏரிக்கரையில் வண்டி நின்றதும் பொய், நாட்டுச் சர்க்கரை மாதிரி கொட்டிய துருவும் பொய்.

டேங்கைத் தோளில் வைத்துக்கொண்டு கடைத்தெரு நடுவே நடந்தார். வைத்தியசாலையில் கடைசி நோயாளி போகிற வரை நின்றார். பிறகு உள்ளே போய் அதை மேஜைமேல் வைத்தார். நூலைக் காட்டினார்.

வேதாசலம் கெட்ட மனிதர் இல்லை. டேங்கைப் பார்த்தார், நூலைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

வண்டி நிற்கவே இல்லையாம். ஏழேகால் மணி சுமாருக்கு ஏரிக்கரை ஏறினார். விளக்கு வெளிச்சத்தில், மதகுக்கிட்டே ஒரு பெண் நின்றிருந்தாள். நனைந்திருந்தாள். ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் ஊன்றிக்கொண்டு, மறு கையைக் காட்டினாள். இவர் நிறுத்தினார்.

"'முடிஞ்சிடுச்சிங்க, திரும்பிப் போங்க'ன்னு சொல்லிச்சி வாஹித். அழுவல. ஒண்ணுமில்ல. யாரும்மா நீன்னு கேட்டேன். வாஹித்தோட தங்கச்சின்னுச்சி. சரி, அக்காவோ தங்கையோ செத்துப் போச்சி, நம்மள அலைய விட வேணாம்னு நல்ல மனசோட வந்து நிக்குதுன்னு நெனச்சேன். வண்டிய திருப்பிட்டேன்."

மறுநாள்தான் அவருக்குத் தெரிந்தது. குல்ஜார் செத்தது பதினொரு மணிக்கு. இவர் திரும்பிய பிறகு நாலு மணி நேரம் உயிரோடு கிடந்திருக்கிறாள். இரண்டு மைல் தூரத்தில். வழியில் யாரோ சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்டுத் திரும்பி வந்தேன் என்று ஒரு டாக்டர் எப்படி வெளியே சொல்வது? துரு என்று சொல்லிவிட்டார். துருவுக்கு யார் வக்காலத்து வாங்கப் போகிறார்கள்?

"எனக்குக் கோவம் வாஹித். உன் இன்னொரு தங்கச்சி ஏன் என்னைப் பொய் சொல்லித் திருப்பி அனுப்பிச்சின்னு இன்னி வரைக்கும் புரியல. அதனாலதான் உன் மூஞ்சிய பாக்கல."

வாஹித் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு ஒரே தங்கச்சிதாங்க."

வெளியே ஜட்கா ஒன்று போன சத்தம் தேய்ந்து அடங்கிற்று.

பிறகு டாக்டர் கேட்டார்: "அந்தப் பொண்ணும் நிறைமாசமா இருந்திச்சே? நான்கூடச் சொன்னேனே... நனையாதம்மா, அடுத்த வாரம் நீயும் வந்து காட்டுன்னு..."

வாஹித் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வேறு ஏதாவது சொன்னாளா என்று கேட்டார். டாக்டர் சொல்லமாட்டேன் என்றார். வாஹித் நகரவில்லை.

"'எங்க அண்ணன் வந்தா சொல்லுங்க, இனிமே வர வேணாம்'னு சொல்லிச்சி."

வாஹித் கொட்டகைக்குத் திரும்பினார். சாப்பிடவில்லை. புது டேங்கை மாட்ட உட்கார்ந்தார். பெரிய டேங்க் அல்லவா, பழைய தாங்கியில் உட்காரவில்லை. இரும்புப் பட்டையை வளைத்துப் புதுத் தாங்கி செய்தார். அடியில் பழைய டியூபை வெட்டி மெத்தை வைத்தார். கைப்பிடியைத் திருப்பினால் டேங்க் இடித்தது. மறுபடியும் கழற்றி, அரை அங்குலம் பின்னால் தள்ளித் துளை போட்டார். வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்துக்கு நாலு காலனும் நிரப்பி, வண்டியில் ஏறினார்.

ஆர்.கே.பேட்டை ரோடு.

ஏரிக்கரைக்குப் போகும்போது நன்றாக இருட்டிவிட்டது. மதகுக்கிட்டே எஞ்சினை நிறுத்தினார். சூடான இரும்பு டிக்... டிக்... என்று ஆறிற்று. பெரிய டேங்குக்குள் பெட்ரோல் அலைந்து, தளக்... தளக்... என்று அடங்கிற்று. ஏரிச் சேற்று வாடை. காற்றில்லை.

"குல்ஜார்" என்று கூப்பிட்டார்.

அரை மணி நேரம் அங்கே நின்றார். யாரும் வரவில்லை. வந்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பேட்டையில் ஆலம் பீ வாசற்படியைத் தாண்டி அவரை விடவில்லை. உசேன் இல்லை. பெண் பார்க்கப் போயிருந்தான். கையில் சிம்னி விளக்கோடு குறுக்கே நின்றாள் கிழவி. வாஹித் டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னார். அன்றைக்கு இந்த வீட்டிலிருந்து எந்தப் பெண் ஏரிக்கரைக்குப் போனாள் என்று கேட்டார்.

ஆலம் பீ விளக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"யாரும் போவல. ஆனா விளக்கு வச்ச கொஞ்ச நேரத்துல அவ அப்படியே அடங்கிட்டா. கண்ணு தெறந்திருந்திச்சி. உடம்பு சில்லுனு... கூப்ட்டா பதில் இல்ல. போய்ட்டான்னு நெனச்சி அழுவக்கூட ஆரம்பிச்சிட்டோம். ரொம்ப நேரம் கழிச்சித்தான் மூச்சு வந்திச்சி. வந்ததும், தண்ணி கேக்கல, உன்னைக் கேக்கல. 'சொல்லிட்டு வந்துட்டேன்'னா. என்னாத்த சொன்னே, யார்கிட்ட சொன்னேன்னு கேட்டோம். பேசவே இல்ல. மறுநாள் டாக்டர் பாதியில திரும்பிட்டாருன்னு கேட்டதும்தான் எனக்குப் புரிஞ்சிச்சி."

இவ்வளவும் தெரிந்தும் என்மேல் ஏன் பழி போட்டீர்கள் என்று வாஹித் கேட்டார்.

"வேற இன்னா பண்ணச் சொல்ற? இந்த வூட்ல வாழ்றதுக்குச் சாவறதே மேல்னு அவளே எழுந்து போயி டாக்டரைத் திருப்பி அனுப்பிச்சான்னு ஊருக்குத் தெரிஞ்சா, எம்புள்ளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்? டாக்டர் துருன்னாரு. அல்லா காட்டின வழின்னு நாங்களும் துருன்னோம்."

அவர் திரும்பி வண்டியை நோக்கி நடந்தார். ஆலம் பீ கூப்பிட்டாள். அவள் குரலில் அதுவரை இருந்த வீம்பு இல்லை. பயம்தான் இருந்தது. இத்தனை மாதமாக அதைத் தனியாக வைத்திருந்த பயம்.

"வாஹிது... அவளைக் குளிப்பாட்டினது நாந்தான். ரெண்டு நாளா பாயை விட்டு எழுந்திருக்காதவ. உள்ளங்கால் ரெண்டும் சேறு. கழுவினேன். இன்னொரு தரம் பாத்தா, மறுபடியும் ஈரச் சேறு. மூணு தடவ கழுவினேன் நைனா. அப்பவும் புதுசா ஒட்டிகினே இருந்திச்சி..."

கிழவி தன் முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்படியே கஃபன் துணியில சுத்திட்டோம்."