ஒன்பதாம் வீட்டுச் சிவப்புப் பலகை

அந்தப் பலகைங்களா? அது ஒண்ணுமில்லீங்க. சிவப்புப் பக்கம் வெளிய தெரிஞ்சா அந்த வீட்டுக்காரங்களுக்கு இப்ப ஆளுங்க வேணாம்னு அர்த்தம். பச்சைன்னா தட்டலாம், உள்ள போகலாம், காப்பி கிடைக்கும். அவ்வளவுதான். ஒரு ஆணி, ஒரு பலகை, ரெண்டு பெயிண்டு. இதைப் பாக்கத்தான் லாட்வியாவுலேந்து கப்பலேறி வந்திருக்கீங்க.

சிரிங்க, பரவாயில்ல. நாங்களும் சிரிச்சிருக்கோம்.

இல்ல, விழா இன்னும் ஆரம்பிக்கல. எல்லாரும் பொதுக்கூடத்துல ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கிட்டு இருப்பாங்க. மேயர் வரணும், பேசணும், அதுக்கப்புறந்தான் சுத்திக் காட்டுவாங்க. நீங்க தனியா நழுவி வந்தது விபேக்கெவுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவா. அவதான் எங்க நிர்வாகக் குழுத் தலைவி. எந்தெந்த வாசல்ல பூந்தொட்டி இருக்கோ அந்த வழியாத்தான் விருந்தாளிங்கள ஓட்டிக்கிட்டுப் போவா. இந்தப் பக்கம் கூட்டிட்டே வரமாட்டா.

நானா? கோர்ம். எதிர்வரிசை, அந்த நீலக் கதவு. என்னோடது பச்சை, பாத்தீங்களா. இப்பல்லாம் எப்பவும் பச்சைதான். உங்க கோட்டுல பேரு குத்தியிருக்கே, ஜின்த்ரா. சரியாச் சொல்றேனா?

இந்தக் கத்தரிக்கோலா? வேலியை வெட்டலாம்னு எடுத்துட்டு வந்தேன். ஆமா, பிப்ரவரில யாரும் வேலி வெட்டமாட்டாங்க, கவனிச்சிட்டீங்க. கையில ஏதாவது இருந்தா ஒரே இடத்துல ரொம்ப நேரம் நிக்கலாங்க. எதுக்கு நிக்கறேன்னு யாரும் கேக்கமாட்டாங்க. இங்க அப்படித்தான். யாரும் எதையும் கேக்கமாட்டாங்க.

சரி, உங்களுக்குப் பலகை பத்தித்தானே வேணும். சொல்றேன். அத எங்கிட்டக் கேக்கறதுதான் சரி. ஏன்னா அது என் யோசனை.

ஆமாங்க, நான்தான். உங்க கையேட்டுல டென்மார்க் நாட்டுக் கூட்டுக்குடியிருப்பின் முன்மாதிரின்னு போட்டிருப்பாங்க, என் பேரு இருக்காது. நல்லதாப் போச்சு.

இங்க வந்த புதுசுல எங்களுக்கு எல்லாம் பொது. தோட்டம் பொது, துணி துவைக்கிற மிஷின் பொது, சாயங்காலச் சாப்பாடு பொது. முறை போட்டுச் சமைப்போம். இன்னிக்கு நான் எல்லாருக்கும் இறைச்சி உருண்டை பொரிச்சா, நாளைக்கு இன்னொருத்தர் மீனு. தனியா இருக்கறவங்களுக்கு அது பெரிய விஷயம். வீட்டைச் சூடாக்கற செலவும் மிச்சம், கரண்டும் மிச்சம், அத நீங்க எழுதிக்கலாம். ஆனா எல்லாம் பொதுன்னு ஆனதும் கதவும் பொதுவாயிடுச்சு. எந்நேரமும் யாராவது வருவாங்க. அதுதான் பிரச்சினைன்னு நான் கூட்டத்துல சொன்னேன். சேந்து வாழணும்னா தனியா இருக்கவும் ஒரு வழி வேணும்னு. நல்லாத்தான் பேசினேன். எல்லாரும் தலையாட்டினாங்க.

நான் பேசினது பொய்யில்லீங்க. ஆனா அதுவா காரணம்னு கேட்டா, அதுவும் இல்ல.

எனக்கு ஒருத்தங்க வந்து தட்டறதுதான் தாங்கல. தினம் சாயங்காலம் வருவாங்க. உப்பு இருக்கா, நூலு இருக்கா, இந்தக் கடுதாசி என்னன்னு படிச்சுச் சொல்றியா. உப்புக்கு வரலன்னு எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். வராதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். வாய் வரல. எங்க ஆளுங்களுக்கு மூஞ்சிக்கு நேரா ஒருத்தர்கிட்டச் சொல்லத் தெரியாதுங்க. எல்லாருக்கும் பொதுவா விதின்னு போட்டா எதையும் சொல்லிடுவோம். அந்த ஒருத்தருக்கு ஒரு கதவைச் சாத்தறதுக்கு, நான் எல்லாருக்கும் எல்லாக் கதவையும் சாத்தினேன்.

ஓட்டெடுப்பா? கை தூக்கறதுதான். எல்லாரும் தூக்கினாங்க. தட்டிக்கிட்டிருந்தவங்களும் தூக்கினாங்க. என்னையே பாத்துக்கிட்டுத் தூக்கினாங்க.

அதுக்கப்புறம் ஒருநாளும் வந்து தட்டல. அந்தக் குளிர்காலம் பூரா என் பலகை சிவப்புலயே தொங்குச்சு. வசந்தத்துல ஒருநாள் பச்சைக்குத் திருப்பினேன். திருப்பி, காப்பி போட்டு, ரெண்டு கோப்பை எடுத்து வெச்சேன். அதெல்லாம் எதுக்கு இப்ப.

பால்டிக் கடலோர ஊருங்க கூட்டமைப்புலேந்து மொத மொத வந்தவங்க பின்லாந்துக்காரங்க. போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாங்க. அடுத்து போலந்து. அவங்க எங்களுக்கு மழைத்தண்ணி சேக்கற வழியச் சொல்லிக் கொடுத்தாங்க, நாங்க அவங்களுக்குப் பலகையக் கொடுத்தோம். நல்ல பழக்கத்தை ஊருக்கு ஊரு பகிர்ந்துக்கறதுன்னு மேயர் மேடையில சொல்லுவாரு, இன்னிக்கும் சொல்லுவாரு, கேளுங்க. எத்தனை ஊருல எத்தனை வாசல்ல இப்பத் தொங்குதோ. ராத்திரி படுத்தா அதைத்தான் எண்ணிக்கிட்டிருப்பேன். நான் ஒருத்தங்களுக்குப் பயந்து அடிச்ச ஆணி.

ஒன்பதா? ஆமா, அது இன்னும் சிவப்புதான். நான் பேசிக்கிட்டே அங்கதான் பாக்கறேன்னு கண்டுபிடிச்சிட்டீங்க.

போதில்னு பேரு. தனியா இருக்காங்க. பள்ளிக்கூடத்துல பாட்டு சொல்லிக் கொடுத்தாங்க, இப்ப இல்ல. முன்னாடி எதிர்வரிசையில இருந்தாங்க, அப்புறம் இந்த வீடு காலியானதும் இதுக்கு மாறினாங்க. வியாழக்கிழமை சாப்பாட்டுக்கு வரல. சரி, சிவப்பு போட்டிருக்காங்களேன்னு விட்டோம். வெள்ளிக்கிழமை அவங்க சமைக்கிற முறை. அதுக்கும் வரல. வேற ஒருத்தர் அவசரமா உருளைக்கிழங்கு அவிச்சுப் போட்டாரு. யாரும் ஒரு வார்த்தை கேக்கல. கேக்காம இருந்ததுல எல்லாருக்கும் ஒரு பெருமை. பாத்தீங்களா, நாங்க எவ்வளவு மரியாதையான ஆளுங்கன்னு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டுச் சாப்பிட்டோம்.

நான் அன்னிக்குச் சாயங்காலமே விபேக்கெகிட்டப் போனேன். ஒன்பதுல விளக்கு பகல்லயும் எரியுது, அணைக்கவே இல்லன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? கோர்ம், சிவப்புன்னா சிவப்பு, நீதானே சொன்ன, வரிக்கு வரி அடிக்கோடு போட்டுச் சொன்னியே. நாளைக்கு வந்திருக்கிற அத்தனை பேரும் அதைச் சுத்திப் பாக்கப் போறாங்க, இன்னிக்குப் போயி நாமளே கதவை உடைச்சா நல்லாவா இருக்கும்? உனக்கு அந்த வீட்டு மேல என்ன இவ்வளவு அக்கறை இப்பன்னு சிரிச்சா. கெட்டவ இல்லீங்க அவ. நல்லா சூப்பு வெப்பா.

சாவியா? இருக்கு. பொதுக்கூடத்து அலமாரியில எல்லா வீட்டுச் சாவியும் இருக்கு. சிவப்பு தொங்கறப்ப அந்தச் சாவிய யாரும் தொடக்கூடாது. அத விதியில சேத்ததும் நான்தான். ரொம்பத் தெளிவா எழுதியிருக்கேன். எனக்குத் தொழிலே அதுதான், நகராட்சியில கட்டட விதி எழுதறது.

ஊருக்குப் போயிருக்கலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டேன். அவங்க தங்கச்சி இருக்கா ஓடென்ஸ் ஊருல, அங்க போவாங்க. ஆனா சைக்கிள் இங்கயே நிக்குது, பாருங்க. பூட்ஸு வாசல்ல இருக்கு. நேத்துப் பெஞ்ச ஆலங்கட்டி அதுக்குள்ள விழுந்து கரைஞ்சு கிடக்கு. பூட்ஸ எப்பவும் கவுத்து வைக்கிற ஆளு.

போனும் அடிச்சுப் பாத்தேன். சிவப்புன்னா போனும் அடிக்கக்கூடாது, ஆனா அடிச்சேன். விடிஞ்சதும் இங்க வந்து, இதே எடத்துல நின்னு அடிச்சேன். உள்ள மணி அடிச்சது எனக்குக் கேட்டுச்சு. போனை விட்டுட்டு எங்கயும் போகமாட்டா.

போகமாட்டாங்க.

ஏங்க, நீங்க ஏன் தட்டலன்னு கேளுங்க. கேக்கலாம். நீங்க கேக்கற ஊருலேந்து வந்திருக்கீங்க. தட்டி, அவங்க கதவத் திறந்து, நல்லா நின்னுக்கிட்டு, என்ன கோர்ம், உன் பலகையில நிறம் தெரியலையான்னு கேட்டா நான் என்ன செய்வேன்? அதுக்குப் பயம். தட்டி, திறக்கலேன்னா, அதுக்கு அதைவிடப் பயம். ரெண்டு பயத்துக்கு நடுவுல ஒரு கத்தரிக்கோலப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். அம்பது தாண்டின ஆம்பள.

நேத்து பஸ்ஸுலேந்து எறங்கினதும் நீங்க ஒண்ணு சொன்னீங்களே, மாடிக்கு மாடி போயி வீட்டைச் சூடாக்கற குழாய் பத்தி. நான் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். உங்க அடுக்குமாடியில கீழ்வீட்டு அம்மா காலையில எழுந்ததும் கரண்டியால குழாயத் தட்டுவாங்க, மேல்வீட்டுக்காரங்க திருப்பித் தட்டணும், தட்டலேன்னா செருப்பு கூடப் போடாம ஏறி வந்துடுவாங்கன்னு. ஞாயித்துக்கிழமை கூடத் தூங்க விடமாட்டாங்க, அந்தத் தொல்லைக்காகத்தான் இந்தப் பலகையப் பாக்க வந்தேன்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. விபேக்கெ ரொம்பச் சிரிச்சா. நான் சிரிக்கல. எனக்கு அப்பவே உங்ககிட்டப் பேசணும்னு இருந்துச்சு. ராத்திரி பூரா அந்தக் கரண்டிச் சத்தம் காதுல.

உங்க அறிக்கையில என்ன வேணா எழுதுங்க. நீங்க சரின்னு எழுதினா உங்க ஊரு மாடி அத்தனையிலயும் மாட்டிடுவாங்கன்னு மேயர் சொன்னாரு. நான் தடுக்க முடியாது. ஆனா அந்தக் கரண்டிய அந்த அம்மா கையிலேந்து பிடுங்கிடாதீங்க. நியாயமாப் பாத்தா நாங்கதான் கப்பலேறி உங்க ஊருக்கு வந்திருக்கணும், அதைப் பாத்து எழுதிக்கிட்டுப் போக.

அங்க கைதட்டறாங்க. மேயர் வந்துட்டாரு போல. கொஞ்ச நேரத்துல எல்லாரும் பூந்தொட்டிப் பக்கமாச் சுத்தி வருவாங்க. அதுக்குள்ள ஒரு உதவி.

நீங்க வெளியூரு. உங்களுக்கு எங்க விதி தெரியாது. தெரியாமத் தட்டிட்டேன்னு சொன்னா எல்லாரும் நம்புவாங்க. மன்னிச்சும் விடுவாங்க, விருந்தாளிய மன்னிக்கறதுல எங்களுக்கு ரொம்பச் சந்தோஷம். கதவத் திறந்தாங்கன்னா, உப்பு இருக்கான்னு கேளுங்க. வேற எதுவும் சொல்ல வேணாம். திறக்கலேன்னா திரும்பி என்னைப் பாருங்க. நான் போயி அந்தச் சாவிய எடுத்துடறேன். யாரு பாத்தாலும் சரி, எடுத்துடறேன். திறக்கலன்னு இன்னொருத்தர் சொல்லி எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்.

காலையிலேந்து நான் எதுக்கு நிக்கறேன்னு கேட்ட மொத ஆளு நீங்கதான். அதான் கேக்கறேன்.

நன்றிங்க. படி வழுக்கும், பாத்து. பூட்ஸ மிதிச்சுடாதீங்க.

கதவுல வேணாம், அந்தப் பக்கத்து ஜன்னல் சட்டத்துல தட்டுங்க, அதுதான் படுக்கையறை. பலமாத் தட்டுங்க. இடது காது அவளுக்குச் சின்ன வயசுலயே போயிடுச்சு. நல்ல காதைத் தலகாணியில அழுத்திக்கிட்டுத்தான் தூங்குவா. என் குறட்டை கேக்கக்கூடாதுன்னு, கல்யாணமான புதுசுலேந்தே அப்படித்தான் படுப்பா.