பேட்லி என்றால்

எண்பதுகளில் ஒரு நாள் காலை, எங்கள் ஊர் சாரத்தில், தபாலாபீசில் ஸ்டாம்பு வாங்க வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி கையில் ஒட்டி முடித்த இன்லண்டு லெட்டர் இருந்தது.

"கல்யாணமே வேணாம்னு அவருக்கு எழுதிட்டேன் ஜெயா."

"அடிப்பாவி! பரிசம் போட்டாச்சு. ஏன்டி வளர்மதி?"

"நெய்வேலியிலேந்து லெட்டர் போட்டிருக்காரு. தமிழ்ல நல்லாத்தான் எழுதிட்டு வந்தாரு. கடைசியில மட்டும் இங்கிலீஷ்ல, 'ஐ வாண்ட் டு சீ யூ பேட்லி'ன்னு. என்னைக் கெட்டவிதமா பாக்கணுமாம்! மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல."

ஜெயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது.

"அந்த எடத்துல பேட்லின்னா ரொம்பன்னு அர்த்தம்டி. உன்னைப் பாக்கணும்னு தவியா தவிக்கிறாரு."

"ரொம்பன்னா வெரி மச்தானே? பேட்னா கெட்டதுதானே?"

"எங்க டைப்ரைட்டிங் கிளாஸ்ல 'வி நீட் ரெயின் பேட்லி'ன்னு தெனம் அடிக்கிறோம். கெட்ட மழையா பெய்யணும்னு யாராவது கேப்பாங்களா?"

வளர்மதி கையிலிருந்த லெட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவம்டி. இதுல கன்னாபின்னான்னு திட்டியிருக்கேன்."

"பேட்லியா?"

"சும்மா இரு."

லெட்டரை நான்காகக் கிழித்தாள். அவள் முறை வந்ததும் புது இன்லண்டு ஒன்று கேட்டு வாங்கினாள்.

"இப்ப என்ன எழுதப் போற?"

"எனக்கும் அப்படித்தான் இருக்குன்னு."

"இங்கிலீஷ்லயா?"

"தமிழ்லதான். அவரும் தப்பா புரிஞ்சிக்கிட்டு, கல்யாணம் வேணாம்னுட்டா?"